மரங்களுக்குக் கல்யாணம் செய்து வைத்தவர்

பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் ஒரு மரம் படுத்துக் கிடக்கிறது. நீளம் 18 மீட்டர். பார்த்தால் மரம். தொட்டால் கல்!

12 கோடி ஆண்டுகளுக்கு முன் பெரம்பலூர், அரியலூர்ப் பக்கமெல்லாம் கடல் பரவியிருந்தது. எங்கோ கரையில் நின்ற மரம் வெள்ளத்தில் அடித்து வரப்பட்டுக் கடலடியில் புதைந்தது. நாளாக நாளாக அதன் உடம்புக்குள் தாதுப் பொருள்கள் புகுந்தன. மரம் கல்லாகி விட்டது. 1940-ம் ஆண்டில் நிலவியல் அறிஞர் எம்.எஸ்.கிருஷ்ணன் இதைக் கண்டறிந்தார். அரியலூரில் சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக் கல் வெட்டுகிற இடங்களில் கல்லாகிப் போன சிப்பிகள் கிடைக்கின்றனவே, அவையும் அந்தப் பழைய கடலின் மிச்சம்தான்.

இதே போன்ற கல்மரம் ஒன்றை அமெரிக்காவில் ஒருவர் விலை கொடுத்து வாங்கினார். எதற்கு? கல்யாண நாளன்று மனைவிக்குப் பரிசு கொடுப்பதற்கு!

நகை கொடுப்பவர்கள் உண்டு. புடவை கொடுப்பவர்கள் உண்டு. 5 டன் எடையுள்ள கல்மரத்தைக் கொடுத்தவர் உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

அவர் பெயர் வால்ட் டிஸ்னி. மிக்கி எலியை உண்டாக்கினாரே, அவரேதான்.

நம் ஊர்களில் அரசுக்கும் வேம்புக்கும் கல்யாணம் செய்து வைக்கிற வழக்கம் உண்டு. மஞ்சள் பூசி, புடவை சுற்றி, தாலி கட்டி, மேளதாளத்தோடு நடக்கும். டிஸ்னிக்கு அந்த வழக்கம் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் 1932-ம் ஆண்டில் அவரும் இரண்டு மரங்களுக்குக் கல்யாணம் செய்து வைத்தார். சினிமாத் திரையில்! பேச்சே இல்லாமல், வெறும் இசையிலேயே நடந்த காதல் கல்யாணம் அது. எட்டு நிமிடம் கூட ஓடாத அந்தப் படத்துக்காக அவர் தமது பிழைப்பையே பணயம் வைத்தார்.

பண்ணையில் ஒரு சிறுவன்

வால்ட் டிஸ்னி 1901-ம் ஆண்டு டிசம்பர் 5-ந் தேதி சிகாகோ நகரத்தில் பிறந்தார். நாலு வயதில் குடும்பம் மிசௌரி மாநிலத்தில் உள்ள மார்சலின் என்ற சிற்றூருக்குக் குடியேறியது. அங்கே ஒரு சிறு பண்ணை. ஆப்பிள் தோட்டம், ஆடு மாடு, கோழி, பன்றி, குதிரை. பண்ணையில் ஒரு பெரிய மரம் இருந்தது. சிறுவன் வால்ட் அதன் அடியில் படுத்துக் கொள்வான். எறும்பு ஊர்வதையும், அணில் ஓடுவதையும், இலை ஆடுவதையும் பார்த்துக் கொண்டே இருப்பான். தங்கை ரூத்தும் கூட இருப்பாள்.

படம் வரையும் பைத்தியம் அப்போதே பிடித்து விட்டது. ஒரு நாள் தாருப் பீப்பாயில் குச்சியைத் தோய்த்து, வீட்டின் வெள்ளைச் சுவரில் படம் போட்டான். தார் அழியுமா? தகப்பனாரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக் கொண்டான். பக்கத்து வீட்டு டாக்டர் ஒருவர் மட்டும், தம் குதிரையைப் படம் வரையச் சொல்லிச் சில்லறைக் காசு கொடுத்தார். வால்ட் டிஸ்னி கலையால் சம்பாதித்த முதல் காசு அதுதான்.

இந்தப் பண்ணை வாழ்வு நாலைந்து ஆண்டுதான். தகப்பனார் எலியாஸ் நோயில் விழுந்தார். பண்ணையை விற்க வேண்டியதாயிற்று. கால்நடைகள் ஏலம் போயின. பிள்ளைகள் ஆசையாய் வளர்த்த குதிரைக் குட்டியும் போயிற்று. வால்ட்டும் தமையனார் ராயும் தேம்பித் தேம்பி அழுதார்கள்.

இந்த ராயை வாசகர்கள் நினைவில் வைத்துக் கொள்ள வேண்டும். தம்பிக்கு எட்டு வயது மூத்தவர். தம்பி கனவு காண, அண்ணன் கணக்குப் பார்த்தார். இருவரும் கடைசி வரை பிரியவில்லை.

பனியில் பேப்பர்

குடும்பம் கன்சாஸ் நகரத்துக்குப் போனது. தகப்பனார் பத்திரிகை ஏஜென்சி எடுத்தார். பேப்பர் போடும் வேலை பிள்ளைகள் தலையில் விழுந்தது. விடியுமுன் எழ வேண்டும். முழங்கால் அளவு பனியில் நடந்து வீடு வீடாகப் போட வேண்டும். பிறகு பள்ளிக்கூடம். அங்கே தூக்கம். சாயங்காலம் மறுபடியும் பேப்பர். இப்படி ஆறு ஆண்டுகள்! சம்பளம் கிடையாது. சோறு போடுவதே சம்பளம் என்பது தகப்பனார் கட்சி.

உலகப் புகழ் பெற்ற பிறகும் டிஸ்னிக்கு ஒரு கனவு அடிக்கடி வருமாம். ஏதோ ஒரு வீட்டுக்குப் பேப்பர் போடாமல் விட்டு விட்டது போல, திடுக்கிட்டு விழித்துக் கொள்வாராம்.

முதல் உலகப் போர் முடிகிற சமயத்தில், வயதைக் கூட்டி எழுதிச் செஞ்சிலுவைச் சங்கத்தில் சேர்ந்து பிரான்சுக்குப் போனார். அங்கே ஆம்புலன்ஸ் ஓட்டினார். திரும்பி வந்து விளம்பரப் படம் வரைகிற வேலையில் சேர்ந்தார். அங்கேதான் அசையும் சித்திரப் படத்தின் ருசி கண்டார்.

அசையும் சித்திரம் என்பது என்ன? ஒரு சித்திரம் வரைய வேண்டும். கை கொஞ்சம் உயர்ந்தது போல் அடுத்த சித்திரம். இன்னும் கொஞ்சம் உயர்ந்தது போல் அதற்கடுத்தது. ஒவ்வொன்றாகப் படம் பிடித்து வேகமாக ஓட்டினால், கை தானாகத் தூக்குவது போல் தெரியும். சொல்வதற்குச் சுலபம். பேசும் படம் வந்த பிறகு ஒரு வினாடிக்கு 24 படங்கள் ஓட வேண்டும் என்று ஆயிற்று. ஒரு நிமிடத்துக்கு 1,440! கையெழுத்துப் போடுவதற்கே கை வலிக்கும் நமக்கு.

நம் நாட்டிலும் இந்த வித்தைக்கு முன்னோடி ஒருவர் உண்டு. முதல் இந்தியக் கதைப் படத்தை எடுத்த தாதா சாகிப் பால்கே, 1912-ம் ஆண்டில் ஒரு பட்டாணி விதை முளைத்துச் செடியாவதை நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகப் படம் பிடித்துச் சேர்த்தார். அந்தச் சிறு படத்தைக் காட்டித்தான் பணம் போட ஆள் பிடித்தார். செடியை நடிக்க வைத்ததில் டிஸ்னிக்கு அவர் இருபது ஆண்டு மூத்தவர்.

கன்சாஸ் நகரில் டிஸ்னி தொடங்கிய படக் கம்பெனி 1923-ல் திவாலாயிற்று. வாடகை கொடுக்க வழியில்லாமல் ஆபீசிலேயே படுத்துக் கொண்டார். டப்பாவில் அடைத்த பயற்றைத் தின்றார். குளிப்பதற்கு வாரம் ஒரு முறை ரெயில்வே ஸ்டேஷனுக்குப் போனார். கடைசியில் பையில் 40 டாலரோடு ஹாலிவுட்டுக்கு ரெயில் ஏறினார். வயது 21.

புது சூட்

ஹாலிவுட்டில் அண்ணனும் தம்பியும் சேர்ந்து ஒரு சிறு ஸ்டூடியோ ஆரம்பித்தார்கள். சித்திரங்களின் மேல் கண்ணாடி போன்ற தகட்டை வைத்து மசியால் கோடு இழுத்து, பின்புறம் வர்ணம் தீட்டுவதற்குப் பெண்களை வேலைக்கு வைத்தார்கள். அப்படி வந்தவர் லில்லியன் பௌண்ட்ஸ். ஐடஹோ மாநிலத்துப் பெண். வாரச் சம்பளம் 15 டாலர். அவர் தங்கியிருந்த அக்காள் வீடு ஸ்டூடியோவுக்கு நடந்து வரும் தூரத்தில் இருந்தது. பஸ் செலவு கொடுக்க வேண்டாம் என்பதும் அவரை வேலைக்கு எடுத்ததற்கு ஒரு காரணம்!

சில வாரங்களில் சம்பளச் செக்கை உடனே பாங்கில் போட வேண்டாம் என்று முதலாளி கேட்டுக் கொள்வார். அவ்வளவு பணமுடை. லில்லியன் முகம் சுளிக்கவில்லை.

வேலை முடிந்ததும் டிஸ்னி தம் காரில் பெண்களை வீட்டில் கொண்டு விடுவார். மற்றவர்களை முதலில் இறக்கி விட்டு, பக்கத்திலேயே இருக்கும் லில்லியனைக் கடைசியில் கொண்டு விடுவார். விஷயம் விளங்கி விட்டது. ஆனால் பெண் வீட்டாரைப் பார்க்கப் போகக் கௌரவமான உடுப்பு இல்லை. புது சூட் வாங்கிக் கொண்டால் வீட்டுக்கு வரலாமா என்று லில்லியனைக் கேட்டார். சூட் வந்தது. பின்னாலேயே சம்மதமும் வந்தது. 1925-ம் ஆண்டு ஜூலை 13-ந் தேதி கல்யாணம் நடந்தது.

முயல் போயிற்று, எலி வந்தது

ஆஸ்வால்டு என்ற முயலை வைத்து டிஸ்னி எடுத்த படங்கள் நன்றாக ஓடின. 1928-ல் பேரம் பேச நியூயார்க்குக்குப் போனவருக்கு இடி காத்திருந்தது. முயலின் உரிமை அவருடையது அல்ல, விநியோகஸ்தர்களுடையது. ஒப்பந்தத்தில் அப்படி இருந்தது. போதாக்குறைக்கு அவருடைய ஓவியர்களில் பெரும்பாலோரை வியாபாரி தம் பக்கம் இழுத்துக் கொண்டிருந்தார்.

வெறுங்கையோடு திரும்பிய அந்தச் சமயத்தில் உருவானதுதான் எலி. மார்டிமர் என்று பெயர் வைக்க நினைத்தார். லில்லியனுக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. மிக்கி ஆயிற்று.

மிக்கியின் முதல் பேசும் படத்துக்கு இசை சேர்க்கப் பணம் போதாமல் தம் காரையே விற்கச் சொன்னார் டிஸ்னி. லில்லியனை வீட்டில் கொண்டு விட்ட காலத்திலிருந்தே அவருக்குக் கார் என்றால் ஆசை. 1928 நவம்பர் 18-ந் தேதி படம் வெளிவந்தது. சித்திரம் அசைந்தால் போதாது, தாளத்துக்கு அசைய வேண்டும் என்பதை உலகம் பார்த்துச் சிரித்தது.

இசை முதலில்

இங்கே ஓர் இசைக் கலைஞர் வருகிறார். கார்ல் ஸ்டாலிங் என்பவர். கன்சாஸ் நகரத்துப் பழைய சிநேகிதர். மிக்கி படங்களில் சித்திரத்துக்கு ஏற்றபடி இசை அமைத்தார்கள். அதைத் தலைகீழாக மாற்றினால் என்ன என்று அவர் யோசனை சொன்னார். இசை முதலில், அதற்கு ஏற்றபடி சித்திரம் பிறகு. இப்படிப் பிறந்தவைதான் ‘சில்லி சிம்பொனி’ என்ற சின்னஞ்சிறு இசைப் படங்கள். முதல் படம் 1929-ல் வந்தது. சுடுகாட்டில் எலும்புக் கூடுகள் ஆடும் படம்.

நாட்டியத்தில் நட்டுவனார் தட்டுகிற தாளத்துக்குக் கால் விழுகிறதல்லவா? அதே கணக்குதான். அரை வினாடிக்கு ஒரு தட்டு என்றால் 12 படத்துக்கு ஒரு முறை மரம் தலையை ஆட்ட வேண்டும். பதின்மூன்றாவது படத்தில் ஆட்டினால் தாளம் தப்பி விடும். எந்தப் படத்தில் எந்தச் சுரம் என்று தாளில் கட்டம் கட்டி எழுதிக் கொண்டு, அதன் பிறகே ஓவியர்கள் பென்சிலைத் தொட்டார்கள்.

ஆனால் இந்த இசைப் படங்களில் மிக்கி இல்லை. மிக்கி இல்லாத படத்தை வாங்கத் தியேட்டர்காரர்கள் தயங்கினார்கள். மிக்கி வழங்கும் படம் என்று மேலே ஒட்டினால்தான் விநியோகிப்போம் என்றார்கள் விநியோகஸ்தர்கள்.

1930-ல் அடுத்த அடி. ஆரம்ப நாளிலிருந்து கூட இருந்த தலைமை ஓவியர் அப் ஐவர்க்ஸ் விலகிப் போனார். ஸ்டாலிங்கும் போனார். டிஸ்னிக்கு மனம் உடைந்தது. 1931-ல் சின்னச் சின்ன விஷயத்துக்கெல்லாம் சீறி விழுந்தார். டெலிபோனில் பேசும்போதே அழுகை வந்தது. இராத்திரியில் தூக்கம் இல்லை. எல்லாவற்றையும் போட்டு விட்டு எங்கேயாவது போங்கள் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லி விட்டார்.

லில்லியன் கணவரை அழைத்துக் கொண்டு புறப்பட்டார். வாஷிங்டன், புளோரிடா, கியூபா தீவு, பனாமா கால்வாய் வழியே கப்பல் பயணம். கல்யாணத்துக்குப் பிறகு அவர்கள் கவலை இல்லாமல் ஊர் சுற்றியது அதுதான் முதல் முறை என்று சொல்லலாம். உடம்பும் மனமும் தேறித் திரும்பினார் டிஸ்னி.

திரும்பியவர் கையில் எடுத்த வேலைகளில் ஒன்றுதான் மரங்களின் காதல் கதை.

வானம் நீலமாக வேண்டும்

படத்தின் பெயர் ‘பூக்களும் மரங்களும்’. பர்ட் ஜில்லட் டைரக்டர். கறுப்பு வெள்ளையில் வேலை பாதி நடந்து விட்டது.

அப்போது டெக்னிகலர் கம்பெனி ஒரு புதிய காமிராவைக் கண்டுபிடித்திருந்தது. அதற்கு முன் வர்ணப் படம் என்றால் இரண்டே வர்ணம்தான். சிவப்புச் சாயலும் பச்சைச் சாயலும் வரும். நீல வானம் நீலமாக வராது. புதிய முறையில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் பிரித்துப் பதிவு செய்து மறுபடி ஒன்று சேர்த்தார்கள். இயற்கையில் உள்ள அத்தனை நிறமும் வந்து விட்டது. ஆனால் அமெரிக்கா முழுவதும் பண நெருக்கடி. பெரிய ஸ்டூடியோக்களே அந்தப் பக்கம் திரும்பவில்லை.

டிஸ்னி சோதனைப் படத்தைப் பார்த்தார். பாதி முடிந்த தம் படத்தையும் பார்த்தார். காடு சாம்பல் நிறத்தில் இருந்தது. பூ சாம்பல். வானவில் சாம்பல். தீயும் சாம்பல்!

அதைத் தூக்கிப் போட்டு விட்டு முதலிலிருந்து வர்ணத்தில் எடுப்போம் என்று முடிவு செய்தார்.

அண்ணன் ராய் பதறிப் போனார். அவர் பதறியதில் தவறு இல்லை. விநியோகஸ்தர்கள் வர்ணத்துக்காக ஒரு காசு கூடக் கூடுதலாகத் தரப் போவதில்லை. செலவான பணம் குப்பையில் போகும். புதிய செலவு தலைக்கு மேல் ஏறும். அதுவும் விலை போகாத இசைப் படத்துக்கு! ஆனால் தம்பியின் கணக்கு வேறு. வர்ணத்தில் வந்தால் படம் பேசப்படும். பேசப்பட்டால் தியேட்டர்காரர்கள் தேடி வருவார்கள். அது மட்டுமல்ல, இந்த மூவர்ண முறையைச் சித்திரப் படங்களுக்குச் சில காலம் வேறு யாரும் உபயோகிக்கக் கூடாது என்று டெக்னிகலர் கம்பெனியோடு ஒப்பந்தமே செய்து கொண்டார். முயலைப் பறிகொடுத்தவர் அல்லவா? இந்தத் தடவை ஒப்பந்தத்தை நன்றாகப் படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டார்.

உதிர்ந்த வர்ணம்

அதற்குப் பிறகுதான் உண்மையான தொல்லை ஆரம்பித்தது. தகட்டில் பூசிய வர்ணம் காய்ந்ததும் செதில் செதிலாக உதிர்ந்தது. உதிராமல் நின்றது, காமிராவுக்கு முன் எரிகிற விளக்குகளின் சூட்டில் வெளிறிப் போனது. முதல் படத்தில் பச்சையாக இருந்த இலை பத்தாவது படத்தில் வேறு பச்சையாக இருந்தால் திரையில் இலை துடிப்பது போல் தெரியும்.

சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிறவர்கள் பசை சேர்ப்பார்களே, அது போல வர்ணத்தோடு எதைக் கலந்தால் தகட்டில் ஒட்டும், உதிராது, வெளிறாது என்று இராப்பகலாகச் சோதனை செய்து பார்த்தார்கள். கடைசியில் வழி கிடைத்தது. பிறகு பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் ஒவ்வொன்றாக வர்ணத்தில் பதிவாயின.

இந்த வர்ணத்தைத் தீட்டியவர்கள் பெரும்பாலும் பெண்கள். லில்லியன் ஒரு காலத்தில் உட்கார்ந்திருந்த அதே பகுதி. அவர்களுக்குச் சம்பளம் குறைவு. பெயரும் திரையில் வராது. ஒரு கோடு பிசகினாலும் திரும்பச் செய்ய வேண்டும். டிஸ்னியின் புகழைப் பாடுகிற பலர் இந்தப் பெண்களை மறந்து விடுகிறார்கள்.

டிஸ்னியும் அப்போது கையில் தூரிகை எடுக்கவில்லை. அதைச் சில ஆண்டுகளுக்கு முன்பே விட்டு விட்டார். கதையைக் கட்டுவது, ஓவியர்களின் முன்னால் ஒவ்வொரு பாத்திரமாக நடித்துக் காட்டுவது, வேண்டும் வேண்டாம் என்று தீர்ப்புச் சொல்வது, இவைதான் அவர் வேலை. மரமாகக் கூட நடித்துக் காட்டக் கூடிய மனிதர்!

காட்டில் கல்யாணம்

படத்தின் கதை இதுதான்.

காட்டில் பொழுது விடிகிறது. மரங்கள் சோம்பல் முறிக்கின்றன. பூக்கள் விழித்து ஆடுகின்றன. ஓர் இளம் ஆண் மரத்துக்கு ஓர் இளம் பெண் மரத்தின் மேல் ஆசை. யாழ் மீட்டி அவள் மனத்தைக் கவர்கிறான். அங்கே ஒரு கிழட்டுப் பட்டுப்போன மரம் இருக்கிறது. உள்ளே பொந்து, மனத்திலும் பொந்து. அவனுக்கும் அந்தப் பெண் மேல் கண். சண்டை மூள்கிறது. கிழட்டு மரம் தோற்கிறது. தோற்றவன் பொறாமையில் குச்சியை உரசித் தீ மூட்டி விடுகிறான். காடு பற்றி எரிகிறது. பூக்கள் ஓடுகின்றன. பறவைகள் கூட்டமாக மேலே பறந்து மேகத்தைக் குத்தி ஓட்டை போடுகின்றன. மழை கொட்டுகிறது! தீ வைத்த மரம் தன் தீயிலேயே வெந்து மடிகிறது. பிறகு கல்யாணம். சுருண்டு படுத்த ஒரு புழுதான் மோதிரம். மணமக்களுக்குப் பின்னால் வானவில்.

இத்தனைக்கும் ஒரு வார்த்தை பேச்சில்லை. மெண்டல்சன், ஷூபர்ட், ரோசினி, ஷோப்பன் போன்ற ஐரோப்பிய இசை மேதைகளின் மெட்டுகளைக் கோத்து, காதலுக்கு ஒன்று, சண்டைக்கு ஒன்று, சாவுக்கு ஒன்று என்று அமைத்திருந்தார்கள். மொழி தெரியாதவனுக்கும் கதை விளங்கும். எழுத்தறியாதவனுக்கும் விளங்கும்.

ஹாலிவுட்டின் பெரிய தியேட்டரான சைனீஸ் தியேட்டரின் நிர்வாகி வேலை முடிவதற்கு முன்பே இதைப் பார்த்து விட்டுத் தமக்குத்தான் முதலில் வேண்டும் என்று கேட்டு வாங்கினார். 1932 ஜூலையில் படம் திரைக்கு வந்தது. சித்திரப் படத்தில் முதல் முறையாக நீல வானத்தையும் பச்சை இலையையும் சிவப்புத் தீயையும் ஒன்றாகப் பார்த்த ஜனங்கள் வியந்து போனார்கள். ராயின் கணக்குப் புத்தகம் மூச்சு விட்டது. யாரும் சீந்தாத இசைப் படங்களுக்குக் கிராக்கி வந்தது.

அதே ஆண்டு நவம்பர் 18-ந் தேதி, மிக்கி பிறந்து சரியாக நாலு ஆண்டு கழித்து, ஹாலிவுட்டின் அகாடமிப் பரிசுகள் வழங்கப்பட்டன. சித்திரக் குறும்படத்துக்கென்று முதல் முறையாக ஒரு பரிசு ஏற்படுத்தியிருந்தார்கள். அதைப் பெற்றது இந்த மரங்களின் காதல்தான்.

மறு ஆண்டு டிசம்பரில் லில்லியன் ஒரு பெண் குழந்தையைப் பெற்றெடுத்தார்.

மான் குட்டிகள்

1937-ல் அவர் முழு நீளச் சித்திரப் படமான ‘ஸ்நோ ஒயிட்’டை எடுத்ததும், திவாலாகப் போகிறார் என்று பேசிய ஹாலிவுட் பிறகு வாயடைத்துப் போனதும் எல்லோரும் அறிந்த கதை. காடு மட்டும் அவரை விடவில்லை. ‘பாம்பி’ என்ற மானின் கதையை எடுக்கும்போது இரண்டு நிஜ மான் குட்டிகளை ஸ்டூடியோவிலேயே வளர்த்தார்கள். ஓவியர்கள் பக்கத்தில் உட்கார்ந்து அவை படுப்பதையும் எழுவதையும் பார்த்து வரைந்தார்கள். 1942-ல் வெளிவந்தபோது போர்க் காலம், நஷ்டம். பிற்காலத்தில் குழந்தைகள் தலைமுறை தலைமுறையாக அதைப் பார்த்து அழுதார்கள்.

பாம்பியில் வேலை செய்த ஓவியர்களில் ஒருவர் கிளேர் வீக்ஸ். 1956-ல் அவர் பம்பாய்க்கு வந்து அரசாங்கத்தின் பிலிம்ஸ் டிவிஷனில் நம் இளைஞர்களுக்கு இந்த வித்தையைக் கற்றுக் கொடுத்தார். 1957-ல் அங்கே உருவான படம் புத்த ஜாதகக் கதை ஒன்று. அதிலும் நாயகன் மான்தான்!

டிஸ்னியிடம் குறை இல்லாமல் இல்லை. 1941-ல் அவருடைய ஓவியர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். சம்பளத்தில் ஏற்றத் தாழ்வு இருந்தது. கோபத்தில் நியாயம் இருந்தது. தகப்பனாரிடம் கூலியில்லாமல் பேப்பர் போட்ட பையனுக்கு அது விளங்கியிருக்க வேண்டும். விளங்கவில்லை. சொந்த வீட்டார் துரோகம் செய்ததாகவே கருதினார். 1948 முதல் அவர் கம்பெனி எடுத்த நிஜக் காட்டு வாழ்க்கைப் படங்கள் பரிசுகளைக் குவித்தன. ஆனால் 1958-ல் வந்த ஒரு படத்தில் லெமிங் என்ற எலி இனம் கூட்டமாகக் கடலில் விழுந்து சாவதாகக் காட்டியது இயற்கையில் நடந்ததல்ல, படம் பிடிக்க வந்தவர்கள் நடத்தியது என்று பிற்காலத்தில் அம்பலமாயிற்று. மரத்தை நடிக்க வைப்பது கலை. உயிருள்ள பிராணியைத் தள்ளி விட்டு இயற்கை என்று சொல்வது வேறு.

கல்யாண நாள் பரிசு

1955-ல் கலிபோர்னியாவில் டிஸ்னிலாந்து என்ற பெரிய பொழுதுபோக்குப் பூங்காவைத் திறந்தார். அதற்கு மறு ஆண்டு ஜூலை மாதம், கொலராடோ மாநிலத்துக்குப் போயிருந்தபோது கல்மரக் காடு ஒன்றைப் பார்த்தார். சாத்தனூர் மரம் போலவே பல கோடி ஆண்டுகளுக்கு முன் உயிரோடு நின்று கல்லானவை. அதில் ஏழரை அடி விட்டமுள்ள ஓர் அடிமரத்தை விலை பேசினார். இரண்டு நாளில் கல்யாண நாள். 31 ஆண்டுகள் ஆகியிருந்தன.

பரிசு வந்து சேர்ந்தது. லில்லியனுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வீட்டு அலமாரியில் வைக்க முடியாத அளவுக்குப் பெரியது என்று பரிகாசம் செய்தாராம். 1957 செப்டம்பரில் அதை டிஸ்னிலாந்துக்கே கொடுத்து விட்டார்.

வால்ட் டிஸ்னி ஓயாமல் சிகரெட் பிடிப்பவர். 1966-ம் ஆண்டு டிசம்பர் 15-ந் தேதி, 65-வது பிறந்த நாள் கழிந்து பத்தாம் நாள், நுரையீரல் புற்றுநோயால் காலமானார்.

லில்லியன் 1997 வரை இருந்தார். கணவரின் நினைவாக லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஓர் இசை மண்டபம் கட்ட 1987-ல் 5 கோடி டாலர் கொடுத்தார். மண்டபம் 2003-ல் திறக்கப்பட்டபோது அவர் இல்லை. அதன் தோட்டத்தில், அவருக்குப் பிடித்த நீலப் பூப்போட்ட பீங்கானை உடைத்துப் பதித்து, ரோஜாப் பூ வடிவத்தில் ஒரு நீரூற்று அமைத்திருக்கிறார்கள்.

கொலராடோ கல்மரம் டிஸ்னிலாந்தில் ஆற்றங்கரை ஓரமாக நிற்கிறது. பக்கத்தில் ஒரு பலகை. அதன் வயது, எடை, உயரம் எல்லாம் எழுதியிருக்கிறது. கீழே, கொடுத்தவர் பெயர் இருக்கிற இடத்தில், திருமதி வால்ட் டிஸ்னி என்று இருக்கிறது.